சாவி யார் கையில்?

2021 பிப்ரவரி, கொரோனா காலம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு தந்தை தன் சின்னஞ்சிறு மகனின் பிறப்புறுப்பு வீங்கியிருப்பதைக் கவனித்தார். குழந்தைக்கு வலி. மருத்துவரை வீடியோ அழைப்பில் பார்க்க ஏற்பாடானது. அதற்கு முன்பு வீக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார் நர்ஸ். தந்தையின் போனில் படம் எடுத்து அனுப்பினார்கள். மருத்துவர் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார். வீக்கமும் வடிந்தது.

இரண்டு நாள் கழித்து அவருடைய கூகுள் கணக்கு முடக்கப்பட்டது. போனில் எடுத்த படங்கள் வழக்கம்போலத் தாமாகவே கூகுளின் சேமிப்புக்குப் போயிருந்தன. அங்கே படங்களைச் சோதிக்கும் கணினி அவற்றைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படங்களாக அடையாளம் காட்டியது. மின்னஞ்சல், தொடர்பு எண்கள், மகனின் பிறப்பு முதல் சேர்த்த படங்கள், கூகுள் வழியே வாங்கிய போன் எண் எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போயின. போலீஸ் விசாரித்துக் குற்றம் ஏதும் இல்லை என்று முடிவு செய்தது. அந்த முடிவைச் சொல்ல அவரைத் தொடர்புகொள்ளவே விசாரணை அதிகாரியால் முடியவில்லை, போனும் மின்னஞ்சலும் வேலை செய்யாததால். 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்ட பிறகும் கூகுள் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் இணையத்தில் பரவுவதைத் தடுக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. இந்தச் சம்பவம் காட்டுவது வேறொன்றை. கிளவுட் என்னும் இணையச் சேமிப்பில் வைத்த படத்தை அதை நடத்தும் நிறுவனத்தால் பார்க்க முடியும். பார்த்துத் தீர்ப்பும் சொல்ல முடியும். அந்தத் தீர்ப்பு தவறாகவும் இருக்கலாம்.

ஆதார் நகல், பான் கார்டு, வீட்டுப் பத்திரம், ஸ்கேன் ரிப்போர்ட், பிள்ளைகளின் படங்கள், வருமான வரிக் கணக்கு என்று ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் இன்று கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ இருக்கிறது. பெரும்பாலோர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. புதுப் போன் வாங்கியபோது ‘சரி’ என்று ஒரு பொத்தானை அழுத்தினார்கள், அவ்வளவுதான். யோசித்துத் தேர்ந்தெடுக்க நினைப்பவர், விலைக்கும் இடத்தின் அளவுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கோப்புகளைப் பூட்டும் சாவி யாரிடம் இருக்கிறது?

‘உங்கள் தகவல்கள் குறியாக்கம் செய்து பாதுகாக்கப்படுகின்றன’ என்று சொல்லாத கிளவுட் நிறுவனமே இன்று கிடையாது. அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. போனிலிருந்து சர்வருக்குப் போகும் வழியில் கோப்பு குறியாக்கம் ஆகிறது, அதாவது சாவி இல்லாதவருக்குப் புரியாத எழுத்துகளாக மாறுகிறது. சர்வரில் இருக்கும்போதும் குறியாக்கம் ஆகியே இருக்கிறது. பெரும்பாலும் பயன்படுவது ஏ.இ.எஸ். என்ற முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இருவர் உருவாக்கிய இதை 2001இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. முறையாகப் பயன்படுத்தினால் அதை உடைக்க நடைமுறையில் வழி இருப்பதாக இன்றுவரை யாரும் காட்டவில்லை. ஆக, பூட்டில் கோளாறு இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவர் நல்ல பூட்டாக வாங்கிப் போட்டுவிட்டு, மாற்றுச் சாவியை வீட்டுக்காரரிடமே கொடுத்து வைத்தால் எப்படியோ அப்படித்தான் இந்த ஏற்பாடு.

2011 ஜூன் 19 அன்று டிராப்பாக்ஸில் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மென்பொருளில் செய்த ஒரு மாற்றத்தில் பிழை நேர்ந்து, ஏறத்தாழ 4 மணி நேரம் யாருடைய கணக்கிலும் எந்தப் பாஸ்வேர்டைப் போட்டும் நுழைய முடிந்தது. எப்படி முடிந்தது? அங்கே பாஸ்வேர்டின் வேலை வாசலில் நின்று ஆளை விசாரிப்பது மட்டும்தான். கோப்புகளைத் திறக்கும் சாவி நிறுவனத்திடம் இருந்தது. வாசல் காவல் அயர்ந்ததும் உள்ளே எல்லாம் திறந்தே கிடந்தது.

இன்னொரு வகைச் சேவையில் பயனரின் பாஸ்வேர்டிலிருந்துதான் சாவியே பிறக்கிறது. கோப்பு போனிலோ கணினியிலோ இருக்கும்போதே பூட்டப்பட்டு, பூட்டிய நிலையில்தான் சர்வருக்குப் போகிறது. சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே போவதில்லை. போனாலும் அதுவே பூட்டப்பட்ட நிலையில்தான் போகும். அங்கே டிராப்பாக்ஸுக்கு நேர்ந்த அதே பிழை நேர்ந்திருந்தால், நுழைந்தவர் கையில் சிக்கியிருப்பது யாருக்கும் பொருள் விளங்காத எழுத்துக் குவியலே. இதைத்தான் ‘எண்ட் டு எண்ட்’ குறியாக்கம் என்கிறார்கள். விளம்பரங்களில் ‘ஜீரோ நாலெட்ஜ்’ என்ற பெயரும் புழங்குகிறது.

ஒரு சேவை இதில் எந்த வகை என்று கண்டுபிடிக்கக் கணினிப் படிப்பு தேவையில்லை. ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று பார்த்தால் போதும். மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு வந்து, புதுப் பாஸ்வேர்ட் வைத்ததும் பழைய கோப்புகள் எல்லாம் அப்படியே திறந்தால், சாவி நிறுவனத்திடம் இருக்கிறது என்று பொருள். ‘மீட்புச் சாவி இல்லாவிட்டால் உங்கள் கோப்புகளை எங்களாலும் திறக்க முடியாது’ என்று மிரட்டுவது போல ஒரு எச்சரிக்கை வந்தால், அது நல்ல அறிகுறி.

பெயரை நம்பி ஏமாறவும் இடமுண்டு. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் ‘பெர்சனல் வால்ட்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. திறக்க இன்னொரு முறை அடையாளம் கேட்கும். போன் திருடுபோனால் அது உதவும்தான். ஆனால் அதன் சாவியும் மைக்ரோசாஃப்டிடமே. கூகுளில் வாடிக்கையாளரே சாவி வைத்துக்கொள்ளும் வசதி பெரிய நிறுவனங்களுக்கான கட்டணத் திட்டங்களில் உண்டு. சாதாரண ஜிமெயில் கணக்குக்கு இல்லை.

பெரிய நிறுவனங்களில் ஆப்பிள் மட்டும் ஒரு படி முன்னே வந்தது. 2022 டிசம்பரில் ‘அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன்’ என்ற வசதியை அறிவித்தது. அதை இயக்கினால் போன் பேக்கப், படங்கள், குறிப்புகள், ஐகிளவுட் டிரைவ் ஆகியவற்றின் சாவி பயனரின் கருவிகளில் மட்டும் இருக்கும். மின்னஞ்சல், தொடர்பு எண்கள், நாள்காட்டி மூன்றும் இதில் சேராது. இந்தியாவிலும் இது கிடைக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ஒரு முறை தேடிப் பார்க்கலாம், ஏனென்றால் அது தானாக இயங்காது.

அதே வசதியை 2025 பிப்ரவரியில் ஆப்பிள் பிரிட்டனில் விலக்கிக்கொண்டது. பூட்டிய தகவல்களைத் திறக்க வழி வேண்டும் என்று பிரிட்டன் அரசு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ரகசிய உத்தரவு போட்டதாக வாஷிங்டன் போஸ்ட் செய்தி வெளியிட்டிருந்தது. பின்வாசல் வைப்பதைவிட வசதியையே எடுத்துவிடுவது மேல் என்று ஆப்பிள் முடிவு செய்தது. ஒரு நிறுவனம் தானே கொடுத்ததை ஓர் அரசின் நெருக்கடியில் திரும்ப எடுத்துக்கொள்ள நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

அப்படியானால் தனியுரிமைக்கென்றே தொடங்கிய சேவைகள்? பட்டியல் சிறியதல்ல. ஜெனீவாவிலிருந்து இயங்கும் புரோட்டான் டிரைவ், ஹங்கேரியில் பிறந்து 2021இல் சுவிஸ் அஞ்சல் நிறுவனத்தின் கைக்குப் போன டிரசோரிட், நியூசிலாந்தின் மெகா, கனடாவின் சிங்க், ஜெர்மனியின் ஃபைலன் என்று நீளும். படங்களுக்கு மட்டும் என்றால் ‘என்டே’ இருக்கிறது. கூகுளில் வேலை பார்த்த விஷ்ணு மோகன்தாஸ் தொடங்கியது அது. ஆப், சர்வர் இரண்டின் நிரலையும் யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். இலவச இடமும் பலவற்றில் உண்டு. மெகா 20 ஜிபி தருகிறது, ஃபைலன் 10, புரோட்டான் 5 வரை.

ஆனால் ‘எங்களிடம் சாவி இல்லை’ என்று ஒரு நிறுவனம் சொல்வதை யார் சோதிப்பது? சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள இ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஒரு வேலையாகவே எடுத்துச் செய்துவருகிறார்கள். சர்வரே எதிரியின் கைக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வார்கள். அப்போதும் பயனரின் கோப்பு காப்பாற்றப்படுகிறதா என்று பார்ப்பார்கள். கேட்க மிகையாகத் தோன்றலாம். ஆனால் எண்ட் டு எண்ட் என்ற வாக்குறுதியின் பொருளே அதுதான்.

2022இல் அவர்கள் மெகாவை எடுத்துக்கொண்டார்கள். பயனர் சில நூறு முறை லாகின் செய்யும்போது குறுக்கிட்டாலே, சர்வரைக் கையில் வைத்திருப்பவரால் அவருடைய சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிட முடியும் என்று காட்டினார்கள். மெகா திருத்தம் வெளியிட்டது. 2024இல் சிங்க், பிகிளவுட், ஐஸ்டிரைவ், சீஃபைல், டிரசோரிட் ஆகிய ஐந்தையும் ஆராய்ந்தார்கள். டிரசோரிட் மட்டும் ஓரளவு தப்பியது. மற்ற நான்கிலும் கடுமையான ஓட்டைகள். பயனரின் சேமிப்பில் அவருக்கே தெரியாமல் கோப்பைச் செருகவும், இருக்கும் கோப்பை மாற்றவும், சிலவற்றில் படிக்கவும்கூட வழி இருந்தது. பூட்டு நல்ல பூட்டுதான்; அதைக் கதவில் பொருத்திய விதத்தில்தான் பிழை. பிகிளவுடைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே சாதாரணமாக ஏற்றும் கோப்புகளுக்கு எண்ட் டு எண்ட் கிடையாது. தனிக் கட்டணம் கட்டி வாங்கும் ‘கிரிப்டோ’ ஃபோல்டருக்கு மட்டும்தான். இந்த நுணுக்கம் தெரியாமல் பணம் கட்டியவர்கள் நிறைய இருப்பார்கள்.

ஆகவே தேர்ந்தெடுப்பவர் தேட வேண்டியது நிரல் வெளிப்படையாக இருக்கிறதா, வெளியாட்கள் சோதித்த அறிக்கையை வெளியிட்டிருக்கிறார்களா, குறை சொன்னபோது எவ்வளவு சீக்கிரம் திருத்தினார்கள் என்பவற்றை. குறையே கண்டுபிடிக்கப்படாத சேவையைவிட, குறை சொன்னதும் ஒப்புக்கொண்டு திருத்திய சேவையை நம்பலாம்.

சாதாரணக் குடும்பங்களுக்கு இதைவிட எளிமையான, பலரும் அறியாத வழி ஒன்று இருக்கிறது. இருக்கும் கூகுள் டிரைவையே வைத்துக்கொண்டு, பூட்டை மட்டும் வேறு இடத்திலிருந்து கொண்டுவருவது. ஜெர்மனியில் உருவான ‘கிரிப்டோமேட்டர்’ என்ற திறமூல மென்பொருள் இதைத்தான் செய்கிறது. கணினியில் இலவசம். கூகுள் டிரைவ் ஃபோல்டருக்குள் ஒரு பெட்டகம் உருவாக்கி அதற்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தால், உள்ளே போடும் ஒவ்வொரு கோப்பும் அதன் பெயரோடு சேர்த்துப் பூட்டப்பட்டு கூகுளுக்குப் போகும். ‘வீட்டுப் பத்திரம்’ என்ற கோப்பு அங்கே அர்த்தமற்ற எழுத்துகளாகத்தான் தெரியும். எத்தனை கோப்புகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய எவ்வளவு பெரியது, எப்போது மாற்றப்பட்டது என்பவை மட்டும் கூகுளுக்குத் தெரியும். தேடலும் முன்னோட்டமும் இணையத்தில் வேலை செய்யாது. போனில் தனி ஆப் தேவைப்படும். இந்தச் சிரமங்கள் உண்மைதான். ஆனால் பூட்டும் சேமிப்பும் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை என்பது பெரிய பலம். நாளைக்கு கூகுளை விட்டு வேறிடம் போனாலும் பெட்டகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம்.

இந்தப் பலம் ஏன் முக்கியம் என்பதை ‘பாக்ஸ்கிரிப்டர்’ பயனர்கள் அறிவார்கள். அதுவும் இதே வேலையைச் செய்த ஜெர்மன் மென்பொருள்தான், திறமூலம் அல்ல. 2022 நவம்பரில் டிராப்பாக்ஸ் அதன் தொழில்நுட்பத்தை வாங்கியது. சேவை மூடப்பட்டது. பயனர்கள் கோப்புகளைத் திறந்து வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. 2024 பிப்ரவரியில் ‘ஸ்கிஃப்’ என்ற தனியுரிமைச் சேவையை நோஷன் நிறுவனம் வாங்கியபோதும் இதே கதை. ஆறு மாத அவகாசத்தில் எல்லோரும் வெளியேற வேண்டியிருந்தது. எளிதாக வெளியேற வழி உண்டா என்பதைச் சேரும்போதே பார்த்துவிட வேண்டும்.

எந்த நாட்டு நிறுவனம் என்பதும் பேசப்படும் விஷயம். அமெரிக்கா 2018இல் இயற்றிய கிளவுட் சட்டத்தின்படி, அமெரிக்க நிறுவனம் தகவலை உலகின் எந்த மூலையில் வைத்திருந்தாலும் நீதிமன்ற உத்தரவு வந்தால் கொடுக்க வேண்டும். சுவிட்சர்லாந்து என்றதும் பலருக்கு நிம்மதி வருகிறது. ஆனால் 2021இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, தன் மின்னஞ்சல் சேவையைப் பயன்படுத்திய ஒரு பிரெஞ்சுச் சுற்றுச்சூழல் போராளியின் ஐ.பி. முகவரியைப் புரோட்டான் பதிவு செய்து கொடுத்தது. மின்னஞ்சல்களின் உள்ளடக்கத்தைப் புரோட்டானால் கொடுத்திருக்க முடியாது, அவற்றின் சாவி அந்த நிறுவனத்திடம் இல்லை. நாடு எதுவானாலும் கடைசியில் காத்தது சாவிதான் என்பதைக் கவனிக்கலாம்.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, குறியாக்கத்தைத் திறந்து காட்டும்படி உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. மறுத்தால் 7 ஆண்டுகள் வரை சிறை. மறுபக்கம், தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இங்குள்ள பயனர் நிற்கிறார்.

சேவையே இல்லாமல் போகும் அபாயமும் இங்கே கற்பனையல்ல. 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் பல தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் அஞ்சல் வந்தது. வேலையை விட்டுவிட்டுப் பள்ளி வாசலுக்கு ஓடிய பெற்றோருக்கு அந்த நாள் மறந்திருக்காது. மிரட்டல் புரளி என்று தெரிந்தது. அஞ்சல் புரோட்டான் மெயில் வழியே வந்திருந்ததால், அந்தச் சேவையை நாடு முழுவதும் முடக்கக் கோரிக்கை எழுந்து, முடக்கும் நிலை வரை போனது. சுவிஸ் அதிகாரிகள் இந்திய அதிகாரிகளோடு பேசிய பிறகு அது தவிர்க்கப்பட்டது. புரளி அனுப்பியவனைப் பிடித்தே ஆக வேண்டும். ஆனால் அவன் ஒருவனுக்காக அந்தச் சேவையில் இருந்த ஒவ்வொரு இந்தியரும் கணக்கை இழந்திருப்பார். வெளிநாட்டுச் சேவையில் இருக்கும் கோப்புகளுக்கு வீட்டிலும் ஒரு நகல் வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

நகல் என்றதும் தென்கொரியா நினைவுக்கு வருகிறது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் அரசுத் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகள் வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ எரிந்து, 858 டெராபைட் தகவல் அழிந்தது. அளவு பெரிது என்று வேறிடத்தில் நகல் வைக்கவில்லை. கிளவுட் என்பது எங்கோ இருக்கும் இன்னொரு கட்டடம். அது தீப்பிடிக்கும், வெள்ளத்திலும் மூழ்கும். ஒரு சிறிய ஹார்ட் டிஸ்க்கில் ஆண்டுக்கு இரண்டு முறை நகல் எடுத்துப் பீரோவில் வைப்பது மிகப் பழைய யோசனைதான். இன்றும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

இதற்கிடையே பலருடைய அந்தரங்கம் கசியும் வழி வேறிடத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகள் எண்ட் டு எண்ட் பாதுகாப்பில் போகின்றன. ஆனால் அந்த அரட்டைகளின் பேக்கப் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும்போது அந்தப் பாதுகாப்பு தானாக வருவதில்லை. 2021இல் அதற்கென வந்த வசதியை செட்டிங்ஸில் அரட்டைகள், பேக்கப் என்று போய் இயக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. புதுச் சேவை தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

சாவி தன் கையில் என்றால் தொலைக்கும் பொறுப்பும் தன்னுடையதுதான். இந்தச் சேவைகளில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு அழுதாலும் பயனில்லை. பாஸ்வேர்ட் பலவீனமாக இருந்தால் பூட்டும் பலவீனமே. 2022இல் பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து பயனர்களின் பூட்டிய பெட்டகங்களைத் திருடிச் சென்றார்கள். பாஸ்வேர்ட் நீளமாக இருந்தவர்கள் தப்பினார்கள். எளிதாக ஊகிக்கும்படி வைத்தவர்களின் பெட்டகத்தைத் திருடர்கள் ஆற அமர உடைத்துப் பார்க்கலாம். பிறந்த நாளும் பிள்ளை பெயரும் கூடாது. எல்லோருக்கும் மனப்பாடமான குறளும் சினிமாப் பாட்டு வரியும் கூடாது. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத ஐந்தாறு சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுத்து வரிசையாக எழுதினால், நினைவிலும் நிற்கும், உடைக்கவும் கடினம்.

அந்தச் சொற்களையும், பாஸ்வேர்ட் மறந்தால் திறக்க உதவும் மீட்புச் சாவியையும் காகிதத்தில் எழுதி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கோ ரஷ்யாவில் உட்கார்ந்திருக்கும் திருடனால் வீட்டு பீரோவிலிருக்கும் காகிதத்தைத் தொட முடியாது. குடும்பத்தில் இன்னொருவருக்கு அது இருக்கும் இடம் தெரிய வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியும் சொத்துப் பத்திரமும் பூட்டிய பெட்டகத்தில் இருக்க, பூட்டியவர் திடீரென இறந்துபோனால், மனைவியும் பிள்ளைகளும் நீதிமன்ற உத்தரவே வாங்கி வந்தாலும் அந்த நிறுவனத்தால் திறந்து கொடுக்க முடியாது. தனியுரிமை பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை.

எல்லாவற்றையும் பூட்ட வேண்டிய அவசியமும் இல்லை. கோவில் கோபுரத்தின் படம் கூகுளிலேயே இருக்கட்டும். ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் அரசின் டிஜிலாக்கரில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அவை தொலையும் என்ற பயம் வேண்டாம், அவற்றின் நகல்கள் கண்ட இடத்தில் கிடப்பதுதான் ஆபத்து. மருத்துவ ரிப்போர்ட், குழந்தைகளின் படங்கள், வங்கி, வரி, சொத்து ஆவணங்கள், பாஸ்வேர்ட் பட்டியல் ஆகியவை முதலில் பூட்டுக்குள் போக வேண்டியவை. பல வீடுகளில் இவை மொத்தமும் இலவச இடத்துக்குள் அடங்கிவிடும்.

சேவையைத் தேர்ந்தெடுத்தாயிற்று என்றால், முதல் நாளே பத்திரங்களை ஏற்றிவிட வேண்டாம். பத்துச் சாதாரணப் படங்களை ஏற்றி, கணினியிலும் போனிலும் லாக்அவுட் செய்துவிட்டு, வீட்டில் இன்னொருவரின் போனில், பாஸ்வேர்ட் மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, காகிதத்தில் எழுதிய மீட்புச் சாவியை மட்டும் வைத்துத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் மற்றவற்றை ஏற்றலாம். திறக்காவிட்டால் போவது அந்தப் பத்துப் படங்கள் மட்டும்.